பேர்கன் பாதையில் பின்பாரம்

1

சென்ற கிழமை மகள் பேர்கனிலிருந்து தொலைபேசியில் கேட்டாள்.

"அப்பா, நான் வீடு மாறேக்க ஹெங்கருக்குப் பாரம் எப்பிடி அளந்தனீங்கள்? என்னோடை வேலை செய்யிற பிள்ளை ஒண்டு வீடு மாறுது. அவவுக்குச் சொல்லிக் குடுக்கவேணும்."

ஹெங்கர் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற டிரெயிலர். அவள் இங்கே, நோர்வேயில் பிறந்தவள். இப்படியான சாமான்களுக்கு அவளிடம் நோர்வேஜியச் சொல்தான் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், எனக்கு எந்த மொழியிலும் பாதிச் சொல்தான்.

தராசை எங்கே வைப்பது, கட்டையை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.  அவள் பேர்கனுக்குக் குடிபோய் ஒரு வருடமாகிறது. அந்தப் பயணத்தில் நடந்ததை ஊரில் இருக்கிற ஒருவருக்கும் நான் இதுவரை எழுதவில்லை. பயந்தாங்கொள்ளி சொன்னால் மரமும் பேயாகத்தான் இருக்கும் என்று சிரிப்பீர்கள். சிரித்தால் சிரியுங்கள். இப்போது எழுதாவிட்டால் நானே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைத்துவிடுவேன் போலிருக்கிறது.

2

அடுப்பை நிறுத்தினேனா என்று பாதிப் படி இறங்கியவன் திரும்பி ஏறிப் பார்க்கிற ஆள் நான். மகள் நிவேதா பஸ்ஸில் ஏறினால் ஒரு தரம், இறங்கினால் ஒரு தரம் செய்தி போடவேண்டும். இருபத்தாறு வயதிலும் போட்டாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள், பேர்கன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்று.

"ஒஸ்லோவிலை ஆஸ்பத்திரி இல்லையோ?" என்றேன்.

"இருக்கு. ஒஸ்லோவிலை வேலை செய்தா நான் இந்த வீட்டிலைதானே இருக்கவேணும்."

அவள் தாய் வதனி என் காலை மேசைக்குக் கீழே மிதித்தாள், மேலே கதைக்க வேண்டாம் என்று.  மகள் சொல்ல வந்தது எனக்கு விளங்கியது. வேலைக்காகப் போகவில்லை. என் பயத்தை விட்டுத் தள்ளிப் போகிறாள்.

சாமான் ஏற்றுகிற கொம்பனி ஒன்றைப் பிடிப்போம் என்றாள். நான் விடவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் எங்கள் மாடிப்படியால் அவளுடைய கட்டிலைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போக, நான் ஜன்னலில் நின்று பார்ப்பதா? நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதமாக நின்றேன். நின்று வென்ற பிறகுதான் பயம் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் டிரெயிலர் இழுத்ததே இல்லை.

என் லைசென்ஸில் அதை இழுக்கலாமா என்று போக்குவரத்துக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். இசை போட்டார்கள். ஒருவர் இன்னொருவரிடம் விட்டார், அவர் மறுபடி இசையிடம் விட்டார். கடைசியில் ஒரு பெண்மணி, இணையத்தில் இரண்டு வண்டியின் இலக்கத்தையும் போட்டால் அதுவே சொல்லும் என்றாள். போட்டேன். பச்சை நிறம் வந்தது. அந்தப் பச்சையை அச்செடுத்துக் காருக்குள் வைத்துக்கொண்டேன். யாராவது மறித்தால் காட்டலாம்.

லில்லெஸ்ட்ரோமில் டிரெயிலர் வாடகைக்குக் கொடுக்கிற கடைப் பொடியன் என் காரின் பதிவு அட்டையைப் பார்த்து, உன்னுடைய 'குலெத்ரிக்' எழுபத்தைந்து என்றான். 'த்ரிக்' என்ற சொல்லை நான் கேட்டிருப்பது வைத்தியரிடம் மட்டும்தான். இரத்த அழுத்தம். என்னையறியாமல் சட்டைக் கையை மடிக்கப் போனேன். பொடியன் சிரிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். காரின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டைத் தட்டிக் காட்டினான். டிரெயிலரின் மூக்கு இந்தக் குண்டை எவ்வளவு பாரத்தோடு அழுத்துகிறது என்பதுதான் அது, என் காருக்கு எழுபத்தைந்து கிலோ வரைக்கும் போகலாம். கூடினால் காரின் முன்சில்லு தரையில் பிடிக்காது. குறைந்தால் அதைவிட மோசம், டிரெயிலர் வால் ஆட்டும். ஆட்டினால் என்ன செய்வது என்றும் சொன்னான்.

கனடாவில் இருக்கிற என் சின்னண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "டேய், கொளுவியிலை ரெண்டு பக்கமும் வில்லுக் கம்பி போடடா. கம்பியை இழுத்துச் சங்கிலியிலை மாட்டினா பின்னுக்குக் குந்துற பாரம் முன்சில்லுக்கும் பிரிஞ்சு போகும். இஞ்சை பெரிய டிரெயிலர் எல்லாத்துக்கும் அதுதான்." மறுநாள் பொடியனிடம் கேட்டேன். அது அமெரிக்காப் பக்கத்துப் பெரிய வண்டிகளுக்கு, எங்களிடம் இல்லை, இங்கே சாமானை அடுக்குகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றான்.

அடுக்குகிற விதம் என்றதும் எனக்குப் பழைய ஒன்று நினைவுக்கு வந்தது.

3

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் போனது ஒரு நெல் ஆலைக்கு, வண்டியில் மூட்டை ஏற்றுகிற வேலைக்கு. மாட்டு வண்டியில் முன்னுக்குக் கூட ஏற்றினால் முன்பாரம். நுகம் மாட்டின் பிடரியில் குந்தும், மாடு கால் மடிக்கும். பின்னுக்குக் கூட ஏற்றினால் பின்பாரம். வண்டியின் முன்பக்கம் எழும்ப, நுகமும் எழும்பும், கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும்.

ஒருநாள் மத்தியானம் ஒரு வண்டி ஆலை வாசலில் நின்றது. வண்டிக்காரர் உள்ளே. வண்டியை ஒருவரும் தொடவில்லை. மேல் மூட்டை ஒன்று தன் பாட்டில் மெல்லச் சரிந்து பின்னே போனது. மாடு இரண்டும் தலையைத் தூக்கத் தொடங்கின. இன்னும் தூக்கின. வானத்தில் எதையோ கண்டுவிட்டது போல நின்றன. சத்தம் இல்லை. தொண்டை இறுகினால் சத்தம் எங்கே வரும்? நான் ஓடிப்போய் ஏறி முன்னால் குந்தினேன், நுகம் இறங்கியது.

அதற்குப் பிறகு எவ்வளவோ சத்தங்களைக் கேட்டு ஊரை விட்டு வந்தவன் நான். கனவில் வருவது அந்தச் சத்தமில்லாத மாடுகள்தான்.

அதனால் டிரெயிலரை ஒரு முழுப் பின்னேரமாக அடுக்கினேன். சலவை இயந்திரமும் புத்தகப் பெட்டிகளும் சில்லுக்கு நேர் மேலே, ஒரு சாண் முன்னுக்கு. கட்டில் பலகை இரண்டு ஓரத்திலும். வதனி தமிழ்க் கடையில் வாங்கிய இரண்டு அரிசி மூட்டையும் மூக்குப் பக்கம். கடைசியில், வால் பக்கம், தலையணையும் உடுப்பும். பிறகு மூக்குக்குக் கீழே குளியலறைத் தராசை வைத்து, தராசுக்கு மேலே ஒரு கட்டையை நிறுத்தி, காரில் கொளுவுகிற உயரத்துக்கே மூக்கை அதில் இறக்கினேன். நிவேதா குனிந்து வாசித்தாள்.

"அறுபத்தஞ்சு கிலோ. காணும்தானே, எழுபத்தஞ்சைத் தாண்டேல்லை."

"இன்னொருக்காப் பார்."

"அப்பா, அது என்ன, இடையிலை போய்ச் சாப்பிட்டிட்டு வந்து ஏறி நிக்கப்போகுதே?"

"பார் எண்டுறன்."

"அறுபத்தஞ்சு. ரூலி, அப்பா."

ரூலி என்றால் அமைதி, பதற்றப்படாதே என்று அர்த்தம். பத்து வயதிலிருந்து அவள் எனக்குச் சொல்லி வருகிற சொல் அது.

காரில் கொளுவினேன். காரின் பின்பக்கம் கொஞ்சம் பதிந்தது, பின் சீட்டில் ஒரு ஆள் ஏறி இருந்தது போல. அவ்வளவுதான் பதியவேண்டும். நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

4

காலையில் இறங்கி வந்து பார்த்தேன். அந்த ஆள் இறங்கிப் போயிருந்தார்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காரின் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. சுற்றி வந்தேன். பூட்டு இருந்தபடி இருந்தது. கொளுவி சரி, டிரெயிலர் கழன்றால் பிரேக்கை இழுக்கிற அறுகம்பி சரி, விளக்கு எரிந்தது.

"வதனி, கார் உயர்ந்து நிக்குது."

"உங்களுக்குக் கண்ணுக்குள்ளேயே பயம். ஏறுங்கோ, நல்ல நேரம் போகுது."

என் வைத்தியர் எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். வருகிற பயம் எல்லாவற்றுக்கும் கதவைத் திறக்காதே, சிலதை வாசலில் நிற்க விடு என்று. வருடக்கணக்காக அதைப் பழக முயன்றுகொண்டிருந்தேன். அன்று காலை பழகினேன். ஏறி இருந்து காரை எடுத்தேன்.

5

கோல் என்ற ஊர் வரைக்கும் நான் ஓட்டினேன். மெல்லத்தான் ஓட்டினேன், பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. அதற்கு மேல் என் தோள் பிடித்துக்கொள்ள, நிவேதா ஸ்டியரிங்கை வாங்கினாள். நான் பக்கத்தில், வதனி பின்னால் தனியாக.

ஹெம்செடால் தாண்டி மலையில் ஏறியதும் முகில் தெருவுக்கு இறங்கி வந்தது. தெருவின் இரண்டு கரையிலும் பனிக்காலத்துக்கு அடையாளமாக நட்ட தடிகள் மட்டும் தெரிந்தன. ஒன்று மறைய ஒன்று வரும். வீடு இல்லை, ஆடு இல்லை, மரமும் இல்லை. எங்கள் மூன்று பேரின் மூச்சுத்தான் கேட்டது. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக். அவசரமில்லாத சத்தம். உள்ளே இருந்து ஒருவர் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல.

"உள்ளுக்க என்ன உருளுது?" நிவேதா கேட்டாள்.

"ஒண்டும் உருளேலாது. நான் கட்டின கட்டு."

"அப்ப ஆர் தட்டுறது?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். 

நான் என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். டிரெயிலரின் ஓரம் அதில் மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு மறைந்தது. இப்போது அவள் பக்கத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தது. மறைந்தது. மரத்துக்குப் பின்னால் நிற்கிறவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நீட்டி எங்களைப் பார்ப்பது போல இருந்தது. ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் கூட நீட்டியது. காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப, கார் இன்னொரு பக்கம் போனது. கீழே முகிலுக்குள் ஒரு லொறியின் விளக்கு இரண்டும் ஏறி வந்துகொண்டிருந்தன.

கடைப் பொடியன் எனக்குச் சொல்லித் தந்திருந்தான். ஆட்டினால் பிரேக் போடாதே, வேகம் கூட்டாதே. காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டிரு, தானாக அடங்கும். பாடமாக்கி வைத்திருந்தேன். ஆனால் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பயணம் போகும்போது வாயால் அப்படியானதைக் கதைக்கக் கூடாது என்று விட்டிருந்தேன். இப்போது, அந்த நேரத்தில், எனக்கே அது ஒன்றும் வரவில்லை.

"பிரேக்கைப் பிடி" என்று கத்தினேன். "பிடி, பிடி, பிரேக்கைப் பிடி."

பின்னால் வதனி முருகனைக் கூப்பிட்டாள்.

நிவேதா பிரேக்கைப் பிடிக்கவில்லை. அவளுடைய வலது கால் மெதுவாக மேலே வந்ததை நான் பார்த்தேன். கை இரண்டும் ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தன. முகத்தில் ஒன்றுமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிற முகம். லொறி எங்களைக் கடந்தபோது அதன் காற்று எங்களை ஒரு தள்ளுத் தள்ளியது. எட்டிப் பார்ப்பது குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு இரண்டு கண்ணாடியிலும் முகில் மட்டும்தான் இருந்தது.

கரையில் ஒதுங்க ஒரு இடம் வந்ததும் நிறுத்தினாள். அபாய விளக்கைப் போட்ட பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

6

நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

கதவோடு ஒட்டி, போர்வையால் தலை வரைக்கும் மூடிக்கொண்டு, ஒருவர் குந்தியிருந்தார். சின்ன ஆள். எனக்குப் பின்னால் வந்த நிவேதா ஒரு அடி பின்னே வைத்தாள். நான் அசையவில்லை, துணிச்சலால் அல்ல, கால் வரவில்லை. வதனிதான் எங்களை விலக்கிக்கொண்டு வந்து போர்வையை இழுத்தாள்.

அம்மி. எங்கள் பல்கனியில் கிடந்த அம்மி, நிமிர்த்தி வைக்கப்பட்டு. அதற்கு இரண்டு பக்கமும் நான் மூக்கில் வைத்த அரிசி மூட்டைகள்.

"ஆர் வச்சது?"

"நானும் கீழ்வீட்டு அக்காவும். நீங்கள் படுத்தாப் பிறகு." வதனி நிலத்தைப் பார்த்தாள். "புது வீட்டுக்குள்ள முதல்ல அரிசியும் உப்பும்தானே போகவேணும். உள்ளுக்க கிடந்தா எப்பிடி முதல்ல இறக்கிறது? அதுதான் வாசலுக்கு எடுத்தனாங்கள்."

"அம்மி என்னத்துக்கு?"

"நாங்கள் மூண்டு பேர்."

நிவேதாவுக்கு விளங்கவில்லை. வதனி அவளுக்குச் சொன்னாள். மூன்று பேராக ஒரு பயணம் வெளிக்கிடக் கூடாது. வெளிக்கிட்டால் ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும், அது நாலாவது ஆள்.

"அதுக்கு ஒரு சின்னக் கல் காணாதோ அம்மா? பொக்கற்றுக்குள்ள வைக்கிற மாதிரி."

"சின்னக் கல்லு போய்வாற பயணத்துக்குப் போதும். நீ அங்கை தனிய இருக்கப்போறாய்."

 நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். மூக்கில் இருந்த மூட்டை இரண்டும் வாலுக்கு, அதோடு இந்தக் கல். மூக்கில் பாரமே இருந்திருக்காது. மலை முழுவதும் டிரெயிலர் எங்கள் காரைப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

மூட்டைகளை முன்னுக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். கல்லை இங்கேயே விட்டுப் போவோம் என்றேன். வதனி அப்படி ஒரு பார்வை பார்த்தாள். "கூட்டிக்கொண்டு வந்த ஆளை நடுவழியிலை விடுறதோ?"

கடைசியில் நானும் நிவேதாவும் தூக்கி, காரின் பின் சீட்டில், வதனிக்குப் பக்கத்தில் வைத்தோம். காரை எடுத்ததும் மணி அடித்தது. நிற்கவில்லை. நிவேதா திரையைப் பார்த்தாள்.

"பின்னுக்கு ஒராள் பெல்ற் போடேல்லையாம்."

வதனி கையை நீட்டி அதற்குப் பெல்ட் போட்டுவிட்டாள். மணி நின்றது.

7

லார்டால் சுரங்கம் மிக நீளமானது. ஓட்டுகிறவர்கள் உறங்கிவிடாமல் இருக்க இடையிடையே மலையைப் பெரிதாகக் குடைந்து நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த நீலத்துக்குள் வரும்போதெல்லாம் நான் நடுக் கண்ணாடியில் பார்த்தேன். வதனியின் தலை தெரிந்தது. பக்கத்தில் போர்வையின் தலை. வதனி தன் கையை அதன் மேல் வைத்திருந்தாள், உறங்குகிற பிள்ளைக்கு வைப்பது போல. டிரெயிலர் ஒரு இம்மியும் ஆடவில்லை.  பேர்கன் வரைக்கும் நான் வழி சொல்லவில்லை, வேகம் பார்க்கவில்லை. நிவேதா இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பேர்கனில் மழை. அரிசி முதலில் போனது, பிறகு உப்பு, விளக்கு. அம்மியை வதனி குசினி மூலையில், ஜன்னலுக்குக் கீழே வைக்கச் சொன்னாள். மிக்சி இருக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

8

மறுநாள் காலை திரும்பும்போது நிவேதா எங்களோடு கீழே இறங்கி வந்தாள். வெறும் டிரெயிலரைக் கொளுவிவிட்டு நான் நிமிர, அவள் என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நேற்று நீங்கள் சொல்லியிராட்டி நான் பிரேக்கைத்தான் பிடிச்சிருப்பன்."

"நான் என்ன சொன்னனான்?"

"காலை எடு பிள்ளை. ஒண்டையும் பிடியாதை. தன்ர பாட்டிலை அடங்கும்." அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "பின்னுக்கு இருந்து குனிஞ்சு சொல்லுற மாதிரிக் கேட்டுது. நீங்கள் அவ்வளவு ரூலியாக் கதைச்சு நான் என்ர வாழ்க்கையிலை கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமே வரேல்லை."

நான் அவளுக்குப் பக்கத்தில், முன் சீட்டில் இருந்தவன். கத்தியதில் என் தொண்டை அன்று காலையும் கட்டியிருந்தது.

வதனி காரின் மற்றப் பக்கத்தில் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன். "நான்தான் சொன்னனான்."

நிவேதா என்னைக் கட்டிப் பிடித்தாள். போய்ச் சேர்ந்ததும் செய்தி போடுங்கோ என்றாள். ஏறினோம்.

மழைக்குள் நெடுநேரம் ஓடினோம். நிவேதாவின் வீடு மலைகளுக்குப் பின்னால் போன பிறகுதான் வதனி வாயைத் திறந்தாள்.

"அது நீங்கள் இல்லை."

"இல்லை."

"நீங்கள் கத்தினது எனக்குக் கேட்டுது. வேறை ஒரு சத்தமும் எனக்குக் கேக்கேல்லை."

"எனக்கும் கேக்கேல்லை."

அவள் திரும்பி, நேற்று அம்மி இருந்த, இன்று ஒருவரும் இல்லாத பின் சீட்டைப் பார்த்தாள். பிறகு முன்னே திரும்பி, சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அது அவளோடை நிக்கட்டும்" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.